இவனை யார் அடிக்கிறார்கள்

முதல் கூடம் ரியோனி ஆற்றுப் பாலத்தை அடுத்து,
மூடிப்போன தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில்.
கராத்தே.
சுவர் நீளத்துக்கும் கோப்பைகள்,
கோப்பைகளுக்குள் போன கோடையின் ஈக்கள்.
மாதம் எண்பது லரி. உடைக்குத் தனி. பெல்ட்டுக்குத் தனி.
பெல்ட் நிறம் மாறும்போதெல்லாம்
அதற்கும் தனி.

"இவனை யார் அடிக்கிறார்கள்?" என்றார் அவர்,
தர்பூசணி வாங்குகிறவரைப் போல
என் மகனின் தோளைத் தட்டிப் பார்த்து.
பள்ளியில், என்றேன்.
பையன்கள், என்றேன்.
இரண்டும் பொய்யில்லை.

என் கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில்,
நாலாய் மடித்த ஒரு கடிதம்.

இரண்டாவது, பேரங்காடியின் மாடியில். டேக்வாண்டோ.
தரை புதிது, கண்ணாடி புதிது, பயிற்சியாளரும் புதிது.
தன்னம்பிக்கை ஒழுக்கம் கவனம் என்று
மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.
மருந்துக்கடையில் பதினொரு வருடமாக
வைட்டமின் விற்கிறவள் நான்.
அந்த மூச்சு எனக்குத் தெரியும்.
அவரும் கேட்டார், யார் அடிக்கிறார்கள் என்று.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த நதேலா
தன் மகளின் முழங்கையைப் போனில் காட்டினாள்.
பிப்ரவரியில் எடுத்த படம். ஊதா, விளிம்பில் மஞ்சள்.
"தள்ளிவிட்டவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே,
அவள் ராத்திரி எப்படித்தான் தூங்குகிறாளோ?"
மாத்திரை போட்டுக்கொண்டுதான், என்றேன்.
சிரித்தாள்.
நானும் கூடச் சிரித்துவைத்தேன்.

*தங்கள் மகன் தோர்னிக்கே, வயது எட்டு,
இம்மாதம் இரண்டாம் முறையாக,*
என்று தொடங்குகிறது கடிதம்.
ஜாபா என்ற பையனின் பல்லில் முடிகிறது.
பால்பல்தான். எப்படியும் விழ இருந்ததுதான்.
இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன்
என்று மட்டும் கேட்காதீர்கள்.

போலந்தில் கட்டட வேலையில் இருக்கும் அவன் அப்பா
"குத்துச்சண்டையில் சேர், ஆளாகட்டும்" என்றார்.
பின்னால் கான்கிரீட் கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.
ஏற்கெனவே ஆளாகிவிட்டான் என்று
அந்த இரைச்சலில் எப்படிச் சொல்வது.

மூன்றாவது ஒரு நிலவறை. ஜூடோ.
வியர்வையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை.
முர்மானின் காதுகள் வேகவைத்த மாவுருண்டைபோல் மடிந்திருந்தன.
நான் பார்த்த ஒரு மணி நேரமும்
பிள்ளைகள் விழுந்தார்கள். அவ்வளவுதான்.
விழுந்து, உள்ளங்கையால் தரையை அறைந்து, எழுந்து,
மறுபடி வரிசைக்குப் போய் நின்றார்கள்.
அப்புறம் இரண்டிரண்டு பேராக.
"சட்டைக் கையை விடாதே!" என்று ஒரு சிறுமியைப் பார்த்துக் கத்தினார்.
"எறிந்தது நீ.
அவன் தலை தரையில் படாமல் பார்ப்பதும் நீதான்.
கடைசிவரை பிடி."

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
இல்லை, பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்களிடம் வந்தார்.
கேட்பார் என்று தெரியும், பள்ளியில், பையன்கள் என்று
வாய்வரை கொண்டுவந்துவிட்டேன்.
கேள்வி அவனிடம் போனது:
"உன்னை யாராவது அடிக்கிறார்களா?"
தோர்னிக்கே என்னைப் பார்த்தான்.
சுவரைப் பார்த்தான்.
"இல்லை. நான்தான் அடிப்பேன்" என்றான்,
கூடம் முழுக்கக் கேட்க.
ஒரு பையன் விழுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

முர்மான் காதைச் சொறிந்தார்.
"சரி. ஷூவைக் கழற்று."

அவன் நகரவில்லை.
சாக்ஸில் ஓட்டை இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.
பெருவிரல் முழுசாக வெளியே.
பல்லுக்குக் கூசாத பிள்ளை
அதற்குக் கூசி நின்றான்.
"வெறுங்கால்தான் இங்கே" என்றார் முர்மான்.
இரண்டு சாக்ஸையும் ஒரே இழுப்பில் உருவி
என் மடியில் எறிந்துவிட்டு ஓடினான்.

முதல் தடவை தப்பாக விழுந்தான்.
சத்தம் கேட்டது.
எழ விடாமல் என் முழங்காலை நானே அழுத்திக்கொண்டேன்.

அறுபத்தைந்து லரி. ரசீது கிடையாது.
கடிதத்தை எடுத்து அதே முழங்காலில் விரித்தேன்.
பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில்
பேனா எழுதவில்லை.
இரண்டு முறை உதறினேன்.